எல்லை தாண்டிய விளையாட்டு ஒளிபரப்பு வழக்குகளில் துரித விசாரணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒளிபரப்பு உரிமை தொடர்பான வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்துக்குப் போகிறது என்றதும் கட்சிக்காரர்கள் முதலில் கேட்பது, "சீக்கிரம் முடியுமா?" என்பதுதான். பெரும்பாலும் முடியாது. ஏன் முடியாது, அதுவரை என்ன செய்யலாம், காத்திருப்பின் சுமை யார் தலையில் விழுகிறது ஆகியவற்றையே இங்கே கேள்வி பதிலாக எழுதியிருக்கிறேன்.

உள்நாட்டு வழக்கு லக்ஸம்பர்க்குக்கு ஏன் போகிறது?

ஒரு நாட்டில் வாங்கிய ஒளிபரப்பு உரிமையை இன்னொரு நாட்டில் பயன்படுத்தலாமா, ஒரு நாட்டின் டிகோடர் அட்டையை (பூட்டிய கட்டண ஒளிபரப்பைத் திறந்து காட்டும் அட்டை) பக்கத்து நாட்டில் விற்கலாமா என்பன போன்ற கேள்விகளுக்கு விடை ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் இருக்கிறது. அந்தச் சட்டத்துக்குப் பொருள் சொல்லும் இறுதி அதிகாரம் லக்ஸம்பர்க் நீதிமன்றத்துக்கு உண்டு. ஆகவே உள்நாட்டு நீதிபதி தன் வழக்கை நிறுத்திவைத்து, கேள்விகளை எழுதி அங்கே அனுப்புகிறார். இதுதான் முன்தீர்ப்புக் கோரிக்கை. விடை வந்தபின் உள்நாட்டு நீதிபதி வழக்கை முடிக்கிறார். லக்ஸம்பர்க் யாருக்கும் நஷ்டஈடு தராது, யாரையும் விடுவிக்காது, சட்டத்தின் பொருளை மட்டும் சொல்லும்.

சாதாரணமாக எவ்வளவு காலம் ஆகும்?

சராசரியாக 16, 17 மாதங்கள். நீதிபதிகள் அதிகம் பேர் உட்காரும் பெரிய அமர்வுக்குப் போகும் சிக்கலான வழக்கு இன்னும் நீளும்.

துரித விசாரணையை யார் கேட்கலாம்?

கேள்வியை அனுப்பும் உள்நாட்டு நீதிமன்றம் மட்டுமே. வாதியோ பிரதிவாதியோ லக்ஸம்பர்க்குக்கு நேரடியாக மனுப் போட முடியாது. இது பலருக்கும் தெரியாத விஷயம். உங்கள் வழக்கறிஞர் உள்நாட்டு நீதிபதியை இணங்கவைத்து, கேள்விகளோடு சேர்த்து அந்தக் கோரிக்கையையும் அனுப்பச் செய்ய வேண்டும். முடிவெடுப்பவர் லக்ஸம்பர்க் நீதிமன்றத்தின் தலைவர். வழக்கைக் கவனிக்கும் நீதிபதியையும், தீர்ப்புக்கு முன் சுயேச்சையாகச் சட்டக் கருத்துத் தரும் அட்வகேட் ஜெனரலையும் கேட்டுவிட்டு அவர் முடிவு சொல்வார். அரிதாக, யாரும் கேட்காமல் தாமாகவே துரித விசாரணைக்கு உத்தரவிடும் அதிகாரமும் அவருக்கு உண்டு.

ஒப்புக்கொண்டால் நடைமுறையில் என்ன மாறும்?

எழுத்துபூர்வ வாதங்களுக்குச் சாதாரணமாக இரண்டு மாதமும், தொலைவை முன்னிட்டுப் பத்து நாளும் கிடைக்கும். துரித விசாரணையில் இது 15 நாள்வரை சுருங்கலாம். எந்தச் சட்டக் கேள்வியைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்று தலைவர் வரையறுத்துவிடலாம். நேரடி விசாரணைக்கு உடனே தேதி குறிக்கப்படும். மற்ற வழக்குகளெல்லாம் ஒதுங்கி வழிவிடும்.

இந்தக் கடைசி வரிதான் மறுப்புகளுக்கெல்லாம் வேர். ஒவ்வொரு கேள்வியும் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் அவற்றின் மொழிகளில் போக வேண்டும். ஒன்றியத்தின் அலுவல் மொழிகள் 24. எந்த நாட்டு அரசும் கருத்துச் சொல்லலாம். ஒரு வழக்கை முன்னால் தள்ளினால் மொழிபெயர்ப்பாளர் முதல் நீதிபதிவரை எல்லோரும் கையிலிருப்பதை வைத்துவிட்டு அதை எடுக்க வேண்டும். பின்னால் தள்ளப்படும் கோப்புகளில் ஒருவருடைய ஓய்வூதியம் இருக்கும், இன்னொருவருடைய வேலை இருக்கும்.

‘அவசர நடைமுறை’ என்று ஒன்று இருக்கிறதே, அதில் போகலாமா?

போக முடியாது. 2008 மார்ச் மாதம் தொடங்கிய அந்த வழி குடியேற்றம், புகலிடம், கைது ஆணை, குழந்தையின் பொறுப்பு போன்ற துறைகளுக்கு மட்டும் உரியது. ஒளிபரப்பு வழக்குகளுக்கு அங்கே இடமில்லை.

விளையாட்டு ஒளிபரப்பை இயல்பாகவே அவசரமானது என்று சொல்வதில் நியாயம் இல்லையா?

இருக்கிறது, முழுமையாகவே இருக்கிறது. திரைப்படத்தை அடுத்த ஆண்டும் விற்கலாம். நேரலை ஆட்டத்தின் விலையோ இறுதி விசில் ஒலித்ததும் பெரும்பாலும் போய்விடும். உரிமைகள் மூன்று ஆண்டு போலக் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் விற்கப்படுகின்றன. வழக்கு அந்தக் காலத்தைத் தாண்டி ஓடினால், எந்த ஒப்பந்தத்துக்காக வழக்காடினார்களோ அந்த ஒப்பந்தமே காலாவதியாகியிருக்கும்.

ஸ்வீடன் வழக்கு ஒன்றைப் பாருங்கள். சி மோர் என்ற கட்டணத் தொலைக்காட்சி, ஐஸ் ஹாக்கி ஆட்டங்களை இணையத்தில் பணம் வாங்கிக்கொண்டு நேரலையாகக் காட்டியது. ஒருவர் தன் இணையதளத்தில் இணைப்புகள் போட்டு, பணம் கட்டாமலே அவற்றைப் பார்க்க வழிசெய்தார். ஆட்டங்கள் நடந்தது 2007 இலையுதிர் காலத்தில். உள்நாட்டு நீதிமன்றங்களைப் படிப்படியாகக் கடந்து லக்ஸம்பர்க் போன அந்த வழக்கில் தீர்ப்பு வந்த நாள் 2015 மார்ச் 26. இந்தத் தாமதத்தில் பெரும்பகுதி உள்நாட்டில் ஏற்பட்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அவ்வளவு நியாயம் இருந்தும் ஏன் மறுக்கிறார்கள்?

தலைவரின் உத்தரவுகளில் திரும்பத் திரும்ப வரும் சில நிலைப்பாடுகள் உண்டு. பாதிக்கப்படுவோர் எண்ணிக்கை பெரிது என்பது மட்டும் அவசரத்தை நிரூபிக்காது. பண இழப்பு, அது எவ்வளவு பெரியதானாலும், தனித்துப் போதாது. சட்டம் தெளிவில்லாமல் இருக்கிறது என்பதும் போதாது, ஏனென்றால் தெளிவில்லாததால்தானே ஒவ்வொரு வழக்குமே அங்கு வருகிறது. உள்நாட்டில் இதே கேள்வியோடு நூறு வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன என்பதற்கும் இதே பதில்தான். 2012-க்கு முந்தைய விதியில் ‘விதிவிலக்கான அவசரம்’ வேண்டும் என்றிருந்தது. இப்போதைய விதி, வழக்கின் தன்மையே குறுகிய காலத்தில் தீர்ப்பைக் கோர வேண்டும் என்கிறது. சொல் மாறியது, கண்டிப்பு தளரவில்லை.

ஒளிபரப்பு நிறுவனத்தின் கோரிக்கையை எடுத்துப் படியுங்கள். இத்தனை கோடி நஷ்டம், இத்தனை லட்சம் சந்தாதாரர்கள், சந்தையில் குழப்பம் என்றே இருக்கும். மூன்றும் ஏற்கெனவே மூடப்பட்ட கதவுகள்.

என் கருத்தைக் கேட்டால், பணத்துக்கு வரிசையைத் தாண்டும் உரிமை கிடையாது என்ற விதி சரிதான். ஆனால் எல்லாப் பண இழப்பையும் ஒரே தராசில் வைப்பதில் ஒரு குறை இருக்கிறது. பெரிய லீக்குக்கு மூன்று ஆண்டு காத்திருப்பு கணக்கில் எழுதிக்கொள்ளும் செலவு. எதிரே நிற்கும் சிறு வியாபாரிக்கு அது கடையை மூடுவதா வேண்டாமா என்ற கேள்வி. தாமதம் பெரியவர் கையில் ஆயுதமாகிவிடுகிறது.

கேரன் மர்ஃபி வழக்கை எல்லோரும் சொல்கிறார்களே, அதில் நடந்தது என்ன?

இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில், சவுத்சீ பகுதியில் மதுக்கூடம் நடத்தியவர் கேரன் மர்ஃபி. பிரீமியர் லீக் கால்பந்து ஆட்டங்களைத் தன் வாடிக்கையாளர்களுக்குக் காட்ட, கிரேக்க ஒளிபரப்பு நிறுவனத்தின் டிகோடர் அட்டையைப் பயன்படுத்தினார். பிரிட்டனில் உரிமை பெற்றிருந்த நிறுவனத்தின் சந்தாவைவிட அது பல மடங்கு மலிவு. இன்னொரு காரணமும் உண்டு. இங்கிலாந்தில் சனிக்கிழமை பிற்பகல் ஆட்டங்களை நேரலையாகக் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது, மக்கள் மைதானத்துக்கு வர வேண்டும் என்பதற்காக. கிரேக்க அலைவரிசைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.

அந்த அட்டை திருட்டு அட்டை இல்லை. கிரேக்க நிறுவனம் முறையாக வெளியிட்டது, சந்தாவும் கட்டப்பட்டது. ஆனாலும் அவர் மீது குற்ற வழக்கு போடப்பட்டது. தண்டனையும் விதிக்கப்பட்டது. அபராதமும் வழக்குச் செலவுமாகச் சுமார் 8,000 பவுண்டு. மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போக, அங்கிருந்து 2008 செப்டம்பரில் கேள்விகள் லக்ஸம்பர்க்குக்குச் சென்றன. அட்டை விற்றவர்கள் மீது பிரீமியர் லீக் தொடுத்த உரிமையியல் வழக்கும் அதே மாதம் அங்கே போய்ச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றாக இணைக்கப்பட்டன. சி-403/08, சி-429/08 என்பவை அவற்றின் எண்கள்.

அட்வகேட் ஜெனரல் யூலியானே கோகோட் தன் கருத்தை 2011 பிப்ரவரி 3 அன்று தந்தார். தீர்ப்பு வந்தது 2011 அக்டோபர் 4. மூன்று ஆண்டுகளுக்கும் மேல். கேள்விகள் லக்ஸம்பர்க் போனபோது நடப்பில் இருந்த 2007-10 ஒப்பந்தங்கள் முடிந்து, அடுத்த மூன்றாண்டு விற்பனையின் இரண்டாவது பருவம் ஓடிக்கொண்டிருந்தது. இத்தனை காலமும் அந்தப் பெண் தண்டிக்கப்பட்டவராகவே இருந்தார்.

அப்படியென்றால் துரித விசாரணை யாருக்குத்தான் கிடைத்திருக்கிறது?

2001-ல் கோமாரி நோய் பரவியபோது, நெதர்லாந்தில் ஆடு வளர்த்த ஒரு பெண்மணி தடுப்பூசிக்கு அனுமதி கேட்டார். ஏப்ரல் இறுதியில் போன கேள்விக்கு ஜூலை 12 அன்று தீர்ப்பு வந்தது. 2008-ல் மெட்டாக் வழக்கில், ஐரோப்பியக் குடிமக்களின் வெளிநாட்டுத் துணைவர்கள் அயர்லாந்தில் குடும்பத்தோடு வாழ முடியுமா என்ற கேள்விக்கு நான்கு மாதத்தில் விடை. 2012-ல் பிரிங்கிள் வழக்கு, யூரோ நெருக்கடிக்கான நிதி அமைப்பு செல்லுமா என்பது, அதற்கும் நான்கு மாதமே. எல்லாவற்றையும்விட வேகமானவற்றில் ஒன்று 2018-ன் வைட்மன் வழக்கு: ஒன்றியத்திலிருந்து விலகும் அறிவிப்பை பிரிட்டன் திரும்பப் பெறலாமா என்ற கேள்வி அக்டோபர் 3 அன்று அனுப்பப்பட்டது, டிசம்பர் 10 அன்று விடை வந்துவிட்டது. பிரிட்டிஷ் நாடாளுமன்ற வாக்கெடுப்பு டிசம்பர் 11 என்று குறிக்கப்பட்டிருந்தது.

பரவும் நோய், பிரிந்திருக்கும் குடும்பம், ஆட்டம் காணும் நாணயம், மாற்ற முடியாத தேதி. எதிலும் வாதம் பணத்தோடு நின்றுவிடவில்லை. தாமதமானால் பின்னர் எந்தத் தொகை கொடுத்தாலும் சரிசெய்ய முடியாத ஒன்று நடந்துவிடும் என்ற நிலை ஒவ்வொன்றிலும் இருந்தது.

ஒளிபரப்பு வழக்கில் கோரிக்கையை எப்படி எழுதினால் கொஞ்சமாவது வாய்ப்பு இருக்கும்?

முதலில் தேதியைச் சொல்லுங்கள். "உலகக் கோப்பை வருகிறது" என்பது தேதி இல்லை. தொடர் எந்த நாளில் தொடங்குகிறது, உரிமை எந்த நாளில் காலாவதியாகிறது, அந்த நாளுக்குப் பிறகு லக்ஸம்பர்க் தரும் விடையால் உள்நாட்டு நீதிபதி செய்யக்கூடியது என்ன மிஞ்சும் என்று காட்ட வேண்டும். ஒன்றும் மிஞ்சாது என்றால் அதுவே வலுவான வாதம்.

அடுத்து, அந்த இழப்பைப் பின்னால் நஷ்டஈடாகக் கணக்கிட ஏன் முடியாது என்று விளக்க வேண்டும். பெரும்பாலோர் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். பத்தி ஒன்றில் இழப்பைப் பவுண்டு, பென்னி வரை கணக்குப் போட்டுக் காட்டிவிட்டு, அடுத்த பத்தியில் அதை ஈடுகட்டவே முடியாது என்று எழுதினால் யார் நம்புவார்கள்?

குற்றத் தண்டனை தலைமேல் தொங்குகிறது, உரிமம் பறிபோகும், சிறு நிறுவனம் தீர்ப்புக்கு முன்பே மூடப்படும் என்ற நிலை இருந்தால் அதை ஆவணத்தோடு எழுதுங்கள். வங்கிக் கடிதம், கணக்கறிக்கை, குத்தகை முடியும் தேதி போன்றவை பேசட்டும். உள்நாட்டில் இடைக்கால நிவாரணம் ஏன் போதவில்லை என்பதையும் நீதிபதி சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால், முதலில் அங்கே கேளுங்கள் என்றுதான் பதில் வரும்.

கேள்விகளைக் குறையுங்கள். பதினைந்து கேள்விகளை நீட்டிவிட்டு அவசரம் என்பவரை எந்த நீதிமன்றமும் அவசரக்காரராக நினைக்காது.

இவ்வளவு செய்தும் மறுக்கப்படலாம். அதற்குத் தயாராகவே எழுதுங்கள்.

மறுத்துவிட்டால் வேறு வழி?

லக்ஸம்பர்க்கிலேயே ஒரு சிறிய வழி உண்டு. நடைமுறையைச் சுருக்காமல், வழக்குக்கு முன்னுரிமை மட்டும் தரத் தலைவருக்கு அதிகாரம் இருக்கிறது. காலக்கெடுக்கள் அப்படியே இருக்கும், வரிசையில் மட்டும் கொஞ்சம் முன்னே போகலாம்.

உண்மையான வழி உள்நாட்டில்தான் இருக்கிறது. 1990 ஜூன் 19 அன்று ஃபாக்டர்டேம் வழக்கில் லக்ஸம்பர்க் சொன்னதை ஒவ்வோர் ஒளிபரப்பு வழக்கறிஞரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஐரோப்பியச் சட்டம் தரும் உரிமையைக் காக்க இடைக்கால நிவாரணம் தேவை என்று உள்நாட்டு நீதிபதி கருதி, உள்நாட்டு விதி ஒன்று மட்டுமே அதற்குக் குறுக்கே நின்றால், அந்த விதியை அவர் ஒதுக்கிவைக்க வேண்டும். லக்ஸம்பர்க்கிலிருந்து விடை வரும்வரை வழக்கு நிறுத்திவைக்கப்பட்டிருந்தாலும் இடைக்கால உத்தரவு போடத் தடை இல்லை. ஐரோப்பியச் சட்டமே செல்லாது என்று வாதிடும் வழக்கு என்றால் நிபந்தனைகள் கடுமையாகும்.

இடைக்கால உத்தரவை ‘தடை’ என்று மட்டும் நினைப்பதை விட்டுவிட்டால் நிறையச் செய்யலாம். ஒளிபரப்பைத் தொடர அனுமதித்து, சந்தாவுக்கு நிகரான தொகையை மாதாமாதம் நீதிமன்றத்தில் கட்டச் சொல்லலாம். தண்டனையை நிறுத்திவைக்கலாம். தோற்றால் எதிர்த்தரப்பின் இழப்பை ஈடுகட்டுவேன் என்ற உறுதிமொழியைப் பெரிய நிறுவனத்திடம் வாங்கலாம். மூன்று ஆண்டுக் காத்திருப்பைச் சிறியவருக்கும் தாங்கக்கூடியதாக மாற்றுவது இத்தகைய உத்தரவுகள்தான். இவற்றைக் கேட்காமல் லக்ஸம்பர்க்கின் கதவை மட்டும் தட்டிக்கொண்டிருப்பது எனக்கு வருத்தம் தரும் பழக்கம்.

ஐரோப்பிய ஆணையத்தின் முடிவை எதிர்த்து நேரடியாக வழக்குப் போட்டால்?

ஆணையம் என்பது ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பு. அதன் முடிவை எதிர்க்கும் வழக்கு முதலில், லக்ஸம்பர்க்கிலேயே கீழ்நிலையில் உள்ள பொது நீதிமன்றத்துக்குப் போகும். அங்கே துரித விசாரணையைக் கட்சிக்காரரே கேட்கலாம், இடைக்கால உத்தரவும் கோரலாம். ஆனால் பண இழப்பு ஈடுகட்டத்தக்கது என்ற அதே சுவர் அங்கேயும் நிற்கிறது. உலகக் கோப்பையையும் ஐரோப்பியக் கோப்பையையும் இலவசத் தொலைக்காட்சியில் காட்ட வேண்டும் என்று பிரிட்டனும் பெல்ஜியமும் வகுத்த பட்டியலுக்கு ஆணையம் 2007-ல் ஒப்புதல் தந்தது. அந்தக் கோப்பைகளை நடத்தும் கால்பந்து அமைப்புகளான ஃபிஃபாவும் யுஇஎஃப்ஏவும் வழக்குத் தொடுத்தன. பொது நீதிமன்றத் தீர்ப்பு 2011 பிப்ரவரி 17, மேல்முறையீட்டுத் தீர்ப்பு 2013 ஜூலை 18. இடையில் யூரோ 2008, 2010 உலகக் கோப்பை, யூரோ 2012 மூன்றும் முடிந்துபோயின.

இதைவிட என்னை அதிகம் தொந்தரவு செய்வது பிரான்ஸின் லா சேங்க் என்ற தொலைக்காட்சியின் கதை. பெரிய விளையாட்டுகளின் உரிமைகளை ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் தன் உறுப்பினர்களுக்காகக் கூட்டாக வாங்கியது. லா சேங்க் உறுப்பினராகச் சேர விண்ணப்பித்தது, மறுக்கப்பட்டது. ஆணையத்திடம் புகார் செய்து இடைக்கால நடவடிக்கை கேட்டது. 1990 ஆகஸ்டில் ஆணையம் மறுத்தது. நீதிமன்றம் அந்த மறுப்பை 1992 ஜனவரி 24 அன்று ரத்துசெய்தது. பின்னால் எந்த முடிவாலும் சரிசெய்ய முடியாத இழப்பை மட்டுமே ஆணையம் கணக்கில் எடுத்தது தவறு, ஆணையத்தின் இறுதி முடிவால் சரிசெய்ய முடியாத கடும் இழப்பு என்றாலே போதும் என்றது. அருமையான தீர்ப்பு. ஆனால் அதற்குள் லா சேங்க் கடனில் மூழ்கியிருந்தது. கடனுக்குக் காரணங்கள் பல. 1992 ஏப்ரல் 12 அன்று அதன் ஒளிபரப்பு நின்றது. வென்று மூன்று மாதம்கூட ஆகவில்லை.

திருட்டு நேரலைக்கு எதிராக மட்டும் நீதிமன்றங்கள் வேகமாக நடப்பது எப்படி?

அங்கே சட்டக் கேள்வி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது, மிச்சம் இருப்பது தொழில்நுட்பம். 2017 மார்ச்சில் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் பிரீமியர் லீக்குக்கு நேரலைத் தடை உத்தரவு ஒன்றைத் தந்தது. ஆட்டம் நடக்கும் நேரத்தில் மட்டும் திருட்டு ஒளிபரப்பின் சர்வர்களை இணையச் சேவை நிறுவனங்கள் முடக்க வேண்டும், பட்டியலை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தப் பருவத்தின் முடிவுவரைதான் உத்தரவு செல்லும், அடுத்த பருவத்துக்குப் புதிதாகக் கேட்க வேண்டும். வேகத்துக்கு ஒரு கால எல்லையும் கட்டிய இந்த அமைப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

இத்தாலி 2023-ல் இயற்றிய சட்டம் இன்னும் வேகமானது. புகார் வந்த 30 நிமிடத்துக்குள் முடக்க வேண்டும். 2024 அக்டோபரில் கூகுள் டிரைவின் முகவரி ஒன்றே முடங்கி, கால்பந்துக்குச் சம்பந்தமே இல்லாத மக்கள் தங்கள் கோப்புகளைத் திறக்க முடியாமல் தவித்தார்கள். எதிர்த்தரப்பைக் கேட்க நேரமே விடாத வேகத்தின் விலையை இப்படி வேறு யாரோ கட்ட வேண்டியிருக்கிறது.

நாடுகளுக்கு இடையிலான சண்டை என்றால்?

அங்கே வேகத்தை எதிர்பார்க்காதீர்கள். கத்தாரின் பீஇன் நிறுவனத்தின் விளையாட்டு ஒளிபரப்பை ‘பீஅவுட்கியூ’ என்ற திருட்டு அலைவரிசை 2017 முதல் திருடிக் காட்டியது. சவூதி அரேபியாவுக்கு எதிராகக் கத்தார் உலக வர்த்தக அமைப்பில் 2018 அக்டோபர் 1 அன்று புகார் கொடுத்தது. ரஷ்யாவில் உலகக் கோப்பை அப்போதே முடிந்திருந்தது. அந்த அமைப்பின் விசாரணைக் குழுவின் அறிக்கை வெளியான நாள் 2020 ஜூன் 16. பீஅவுட்கியூ மீது குற்ற நடவடிக்கை எடுக்கச் சவூதி தவறியது என்று அது சொன்னது. அதன்மீதும் மேல்முறையீடு அறிவிக்கப்பட்டது.

இப்போது ஒரு பிரிட்டிஷ் மதுக்கூடத்தின் வழக்கு லக்ஸம்பர்க் போகுமா?

போகாது. பிரெக்சிட் மாறுகாலம் 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தபின், இத்தகைய கேள்விகளை பிரிட்டிஷ் நீதிமன்றங்கள் அங்கே அனுப்ப முடியாது.

லக்ஸம்பர்க்கில் கட்டணம் உண்டா?

நீதிமன்றக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் செலவு உங்களுடையது.

தாமதமாக வந்த தீர்ப்பால் யாருக்கு என்ன கிடைத்தது?

கேரன் மர்ஃபி வழக்கின் 2011 தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டியது. வேறு உறுப்பு நாட்டில் முறையாக வெளியிட்ட அட்டையை இறக்குமதி செய்வதையும் விற்பதையும் பயன்படுத்துவதையும் தடுக்கும் சட்டம், சேவை வழங்கும் சுதந்திரத்துக்கு முரணானது என்றது. கால்பந்து ஆட்டத்துக்குப் பதிப்புரிமை கிடையாது என்றும் தெளிவாக்கியது. அதே வேளையில், தொடக்கக் காட்சித் தொகுப்பு, லீக்கின் பாடல், முன்பே பதிவுசெய்த சிறப்புக் காட்சிகள் போன்றவற்றுக்குப் பதிப்புரிமை உண்டு, அவற்றை மதுக்கூடத்தில் காட்ட உரிமையாளரின் அனுமதி வேண்டும் என்றது. லீக்குகள் இந்த இரண்டாவது பகுதியைப் பற்றிக்கொண்டன.

கேரன் மர்ஃபிக்கு, வழக்கு லண்டனுக்குத் திரும்பியது. 2012 பிப்ரவரி 24 அன்று உயர் நீதிமன்றம் அவர்மீதான தண்டனையை ரத்துசெய்தது.